ஊளையிடாத கியர்: வாசகர் கேள்விகளுக்குப் பட்டறைக்காரர் பதில்கள்

போன இதழில் ரிவர்ஸ் கியர் ஏன் கத்துகிறது என்று நாலு வரி எழுதினேன். உடனே கடிதம் மேல் கடிதம். "அப்படியானால் நூறு வருஷத்துக்கு முந்தைய ராஜா கார்கள் மட்டும் எப்படிச் சத்தமில்லாமல் ஓடின?" என்பதுதான் பாதிப் பேருடைய கேள்வி. எனவே இந்த முறை பெட்ரோல் மைலேஜ், டயர் காற்று, இன்சூரன்ஸ் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்கு. ஓசூர் தொழிற்சாலையில் கியர் பல்லை அளந்து அளந்தே தலை நரைத்துக் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்திருக்கும் ஆள் நான். இந்த விஷயம் என்றால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்: ஐயா, போன இதழ் கிடைக்கவில்லை. முன்னால் போகும்போது சாதுவாக இருக்கிற கார், ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் 'ஊய்ய்' என்கிறதே?

முன்னால் போகும் கியர்களின் பல் சாய்வாக வெட்டியது. ரிவர்ஸ் பல் பெரும்பாலான கார்களில் நேராக வெட்டியது. நேர்ப்பல் முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் வந்து தொடும், ஒரே நேரத்தில் விலகும். சாய்பல் ஒரு ஓரத்தில் தொட்டு மெதுவாக மறு ஓரத்துக்குப் போகும். அது விலகுவதற்குள் அடுத்த பல் பாரத்தை வாங்கியிருக்கும்.

அந்தச் சத்தத்தின் சுருதியைக்கூட கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் தம்பி. 20 பல் உள்ள கியர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், விநாடிக்கு 25 சுற்று. விநாடிக்கு 500 பல் வந்து தொடுகிறது. அதுதான் 500 ஹெர்ட்ஸ். பல்லின் முகம் இருக்க வேண்டிய வளைவிலிருந்து சில மைக்ரான் விலகினால் போதும், ஒவ்வொரு தொடுதலும் ஒரு சின்ன இடியாகிவிடும். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்று நினைத்துக்கொண்டால், காது எவ்வளவு கறாரான இன்ஸ்பெக்டர் என்று புரியும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தர்மபுரி: ரோல்ஸ் ராய்ஸ் 'சில்வர் கோஸ்ட்' ஓடினால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது என்று சிறுவயதில் படித்திருக்கிறேன். இன்ஜினைச் சொன்னால் நம்பலாம். கியர் பாக்ஸுமா? அப்போது கார் கியர் பாக்ஸில் எல்லாம் நேர்ப்பல்தானே?

சார், சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். எல்லாம் நேர்ப்பல்தான்.

அந்தக் கால கியர் பாக்ஸுக்கு வழிகாட்டி பிரான்ஸின் எமில் லெவாசோர். 1890களின் தொடக்கத்தில் பானார் லெவாசோர் கார்களில் அவர் வைத்த ஏற்பாடு இது: ஒரு தண்டில் நேர்ப்பல் கியர்கள் வரிசையாக இருக்கும். அவற்றை அப்படியே நகர்த்தி, சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு கியருக்குள் தள்ள வேண்டும். 'முரட்டு வேலைதான், ஆனால் நடக்கிறது' என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். ஹென்றி ராய்ஸ் கைக்கு வந்ததும் அதன் வாரிசுதான்.

ராய்ஸ் மான்செஸ்டரில் மின்சார கிரேனும் டைனமோவும் செய்துகொண்டிருந்தவர். 1903-ல் ஒரு டெகோவில் கார் வாங்கி, அது பிடிக்காமல், அதைவிட நல்லதாக நானே செய்கிறேன் என்று கிளம்பினார். அவருடைய வேலைச் சுத்தத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் கியர் விஷயத்தில் எனக்குப் பிடித்தது அவருடைய சுத்தம் அல்ல, சாமர்த்தியம். பல் கத்தும் என்றால் பல்லுக்கு வேலையே கொடுக்காதே என்பது அந்தச் சாமர்த்தியம்.

அதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. 1898-ல் லூயி ரெனோ ஒரு சின்ன கார் செய்தார். அதில் டாப் கியர் போட்டால் இன்ஜினிலிருந்து வரும் தண்டும் பின்னால் போகும் தண்டும் நேராகக் கோத்துக்கொண்டு ஒரே தண்டாகச் சுற்றும். கீழ்த்தண்டு, அதான் லே ஷாஃப்ட், சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பாரம் எந்தப் பல்லின் மேலும் இல்லை. பாரம் இல்லாத பல் பெரிதாகக் கத்தாது. இன்றைக்கும் இதை 'டைரக்ட் டாப்' என்கிறோம்.

ரோல்ஸ் ராய்ஸ் 40/50 எச்.பி. கார் 1906 கடைசியில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வந்தது. ஆறு சிலிண்டர், 7,036 சி.சி. முதலில் நாலு கியர். மூன்றாவது டைரக்ட், நாலாவது ஓவர்டிரைவ், அதாவது பின்னால் போகும் தண்டு இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும் கியர். ஓவர்டிரைவ் போட்டால் இழுவை கீழ்த்தண்டுக்கு இறங்கி, மறுபடி மேலே ஏறி, இரண்டு ஜோடிப் பல்லைத் தாண்டித்தான் சக்கரத்துக்குப் போகும். அப்படியானால் கார் எப்போது வேகமாகப் போகிறதோ அப்போதுதான் பல்லுக்கு வேலை. 1909-ல் அந்த நாலாவதையே கழற்றிவிட்டார்கள். மூன்று கியர், டாப் டைரக்ட். இன்ஜினை 7,428 சி.சி. ஆக்கினார்கள்.

இப்போது புரிகிறதா சார்? அவ்வளவு பெரிய இன்ஜின் எதற்கு என்றால் வேகத்துக்கு மட்டும் அல்ல. நடை வேகத்திலிருந்து டாப்பிலேயே இழுத்துக்கொண்டு போனால் கீழ் கியர் பக்கம் கை வைக்க வேண்டியதே இல்லை. 1911-ல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை டாப் கியரிலேயே ஓட்டிக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனியான நேப்பியர் முதலில் செய்த வித்தை அது. இவர்கள் பதிலடி கொடுத்தார்கள். நாம் இன்று அதைப் பெட்ரோல் சிக்கனக் கதையாகப் படிக்கிறோம். என் கணக்கில் அது பல்லைக் கடிக்காமல் 400 மைல் போன கதை.

ஆனால் சும்மா கிடைக்குமா? 1912 ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் ஜேம்ஸ் ராட்லி ஓட்டிய காரால் ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாயை ஏற முடியவில்லை. மூன்றே கியர் என்றால் முதல் கியரும் கொஞ்சம் உயரமாகத்தானே இருக்கும்? செங்குத்து மேட்டில் நின்றுவிட்டது. அடுத்த வருஷமே நாலு கியர் பாக்ஸ் திரும்ப வந்தது, இந்த முறை நாலாவதே டைரக்ட். 1913 போட்டியில் அந்தக் கார்கள் பேர் வாங்கின.

ஆக, 'சத்தமே இல்லாத கியர் பாக்ஸ்' என்று படித்திருந்தால், 'டாப் கியரில்' என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் உரிமையாளர், பென்னாகரம்: இவ்வளவு கஷ்டம் எதற்கு? கியர் பாக்ஸைச் சுற்றி ரப்பரோ கம்பளியோ சுற்றியிருந்தால் போயிற்றே?

கொஞ்சம் குறையும், போகாது. பல் செய்வது அதிர்வு. அதைச் சத்தமாக்குவது கேசிங். வீணைக்குக் குடம் மாதிரி. பல்லின் அதிர்வு ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்கும், பேரிங் வழியாக கேசிங் சுவருக்கும், அங்கிருந்து சேஸிஸுக்கும் போய்விடுகிறது. வெளியே கம்பளி சுற்றினாலும் சேஸிஸ் வழியாக டிரைவர் சீட்டுக்கு அடியில் வந்து நிற்கும். அதனால்தான் பழைய நல்ல கம்பெனிகள் ஷாஃப்டைக் குட்டையாகவும் தடியாகவும் வைத்தன. நீளமான ஷாஃப்ட் பாரத்தில் வளையும். வளைந்தால் இரண்டு பல்லும் பட வேண்டிய இடத்தில் படாது. குட்டைத் தண்டு, பெரிய பேரிங், விறைப்பான கேசிங். இந்த மூன்றும் கம்பளியை விட மேல்.

லேத் பட்டறைக்காரர், பாலக்கோடு: லிஃப்ட், செயின் பிளாக் எல்லாவற்றிலும் வேர்ம் கியர் (திருகு மறைத் தண்டு ஒன்று பல் வீலைச் சுற்றுவது) பார்க்கிறேன். கொஞ்சம்கூட இரைச்சல் கிடையாது. பழைய பெரிய கார்களின் பின் ஆக்ஸிலில் வேர்ம் இருந்தது என்கிறார்கள். ஆனால் வீலைத் திருப்பினால் வேர்ம் திரும்பாதே அண்ணே, பூட்டிக்கொள்ளுமே! கார் எப்படி ஓடியது?

இந்த இதழின் நல்ல கேள்வி இதுதான்.

நீங்கள் பார்க்கும் லிஃப்ட் வேர்ம் ஒற்றைப் புரி. மறையின் சாய்வு மிகக் குறைவு. வேர்ம் சுற்றினால் வீல் சுற்றும். வீல் சுற்றினால் வேர்ம் அசையாது. லிஃப்டுக்கு அது பாதுகாப்பு. காருக்கு அதை வைத்தால், ஓடும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்த மறு நொடி பின் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டு நிற்கும்! எனவே கார் வேர்மில் ஒரு புரிக்குப் பதில் பல புரிகளை ஒன்றாக ஓட்டி வெட்டினார்கள். மறை நல்ல செங்குத்துச் சாய்வாக ஏறும். அப்போது சக்கரம் வேர்மைத் திருப்பிச் சுற்றும். உராய்வு விரயமும் குறையும். நன்றாகச் செய்த கார் வேர்ம் 90 சதவீதத்துக்கு மேல் சக்தியைக் கடத்தும்.

இதைச் செய்தவர்களில் பெரிய ஆள் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர். 1890களின் நடுவிலேயே காரில் இறங்கியவர். ராய்ஸுக்குக் கிடைத்த பேரில் கால்வாசிகூட இவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் பழைய மனக்குறை. ராய்ஸ் இருப்பதை எடுத்து மெருகேற்றினார். லான்செஸ்டர் முதலிலிருந்து யோசித்தார். லெவாசோரின் முரட்டு கியர் பாக்ஸை அவர் தொடவே இல்லை. எபிசைக்ளிக் கியர் வைத்தார். நடுவில் ஒரு கியர், சுற்றி மூன்று நாலு கியர், வெளியே உள்பல் வளையம். எல்லாப் பல்லும் எப்போதும் கோத்தே இருக்கும், பாரமும் பங்கு பிரிந்துவிடும். பின் ஆக்ஸிலுக்கு வேர்ம். அதுவும் சாதாரண நேர் உருளை வேர்ம் அல்ல, நடுவில் இடுங்கி உடுக்கை வடிவில் இருக்கும். அப்படி இருந்தால் வீலின் வளைவை ஒட்டிப் பல பற்கள் ஒரே நேரத்தில் பிடிக்கும். லேத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வடிவில் மறை வெட்டுவது தலைவலி. சந்தையில் அதற்கு மெஷின் இல்லை. அவரே மெஷினை வடிவமைத்துச் செய்துகொண்டார்.

வேர்ம் ஏன் அமைதி? மற்ற கியர்களில் பல் வந்து தொடுகிறது, உருளுகிறது, விலகுகிறது. வேர்மில் முழுக்கச் சறுக்கல்தான். எஃகு மறை வெண்கலப் பல் மீது எண்ணெய்ப் படலத்தில் வழுக்கிக்கொண்டே போகும். தட்டுவதற்கு இடமே இல்லை. ஆனால் சறுக்கல் என்றால் சூடு. சாதாரண ஆயிலில் படலம் கிழிந்தால் வெண்கலம் உரிந்துவிடும். அதற்குப் பழைய ஆட்கள் நாடியது எதைத் தெரியுமா? நம்ம பக்கம் மானாவாரிக் காட்டில் நிற்கிற ஆமணக்கு! ஆமணக்கெண்ணெய் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. இது ஏதோ பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பெஜோ 403, 404 கார்களுக்கும் வேர்ம் ஆக்ஸில்தான். அவற்றுக்கும் ஆமணக்கெண்ணெய் சார்ந்த ஆயில்தான் ஊற்றினார்கள்.

டெய்ம்லர் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு கார் கொடுத்த கம்பெனி. 1908-ல் அமெரிக்கரான சார்லஸ் நைட்டின் ஸ்லீவ் வால்வ் (சாதாரண வால்வுக்குப் பதில் மேலும் கீழும் நகரும் குழாய்) இன்ஜினை எடுத்துக்கொண்டார்கள். டப்பெட் தட்டல் இல்லை, வால்வ் ஸ்பிரிங் சலசலப்பு இல்லை. இன்ஜின் வாயை மூடியதும் என்ன ஆயிற்று? அதுவரை இன்ஜின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த பின் ஆக்ஸில் கேட்க ஆரம்பித்துவிடும். 1909-ல் லான்செஸ்டரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். அவருடைய வேர்ம் டெய்ம்லர் ஆக்ஸிலுக்குள் போனது. சத்தக் குறைப்பு வேலையில் இருந்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்: ஒன்றை அடக்கினால் அடுத்தது பேசும்.

பணக்காரர் காருக்கு மட்டும் என்றும் இல்லை. அந்தக் காலத்தில் லண்டனில் பஸ் ஓட்டப் போலீஸ் லைசென்ஸ் வேண்டும், சத்தம் போடும் பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1910-ல் வந்த 'பி டைப்' பஸ்ஸில் கியர் பாக்ஸுக்குள் பல்லோடு பல் கோக்காமல் செயின் போட்டார்கள், பின்னால் வேர்ம் ஆக்ஸில். 1927-ல் வந்த லேலண்ட் டைட்டன் மாடி பஸ்ஸுக்கும் வேர்ம் ஆக்ஸில்தான். வேர்மை வீலுக்கு அடியில் தொங்கவிட்டால் தண்டு தாழ்ந்து, பஸ்ஸின் தரையும் தாழும். (ஓசூரில் டைட்டன் என்றால் வாட்ச், லேலண்ட் என்றால் லாரி. இரண்டும் ஒரே வண்டியின் பேராக இருந்ததைச் சொன்னால் பேரன் சிரிக்கிறான்.)

கூடுதலாக ஒன்று. பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்க நம் நாட்டில் பல நூற்றாண்டாகச் சுற்றிய மரப்பொறி இருக்கிறதே, அதன் இரண்டு உருளைகளும் ஓரத்தில் கோத்துக்கொண்டது மரத்தில் செதுக்கிய வேர்ம் பல்லால்தான். தச்சர் செய்தது, உளியால்.

வாசகர், காவேரிப்பட்டணம்: பழைய கார் வாங்கப் போகிறேன். கியர் பாக்ஸ் சத்தமே இல்லை. நம்பலாமா?

டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். ஆயிலோடு மரத்தூள் வந்தால், அது சத்தத்தை அமுக்கப் போட்டது; வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

லாரி டிரைவர், காரிமங்கலம்: சேலம் லோடு போகும்போது தொப்பூர் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்னால் ஊளைச் சத்தம். திரும்பி வரும்போது மேட்டில் எவ்வளவு அழுத்தினாலும் இல்லை. கிரவுன் பினியனையே (பின் ஆக்ஸிலின் பெரிய பல் சக்கரமும் அதைச் சுற்றும் சின்ன கியரும்) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பெரிய செலவு. என்ன செய்யட்டும்?

அவசரப்படாதீர்கள். பல்லுக்கு இரண்டு முகம். மேட்டில் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும்போது ஒரு முகம் பாரம் வாங்கும்; இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது மறுமுகம். உங்கள் வண்டியில் மேட்டு முகம் நன்றாக இருக்கிறது, இறக்க முகம் சரியாகப் படவில்லை. பினியன் பேரிங் தளர்ந்திருந்தாலும் இப்படி வரும். காலை எடுத்ததும் பினியன் முன்னும் பின்னும் நகர்ந்து இடம் மாறிவிடும். முதலில் பினியன் நட், பேரிங், பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் மட்டும் போயிருந்தால் செலவு எவ்வளவோ குறைவு. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அந்த இறக்கத்தில் லோடு வண்டிக்குப் பின் ஆக்ஸில் கோளாறு விளையாட்டு இல்லை.

அப்புறம் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கிரவுன் வீலில் நாலைந்து பல்லுக்கு மெல்லிசாகத் தடவி, கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றினால், பினியன் பட்ட இடத்தில் பேஸ்ட் வழித்துக்கொண்டு எஃகு பளிச்சென்று தெரியும். அந்தத் தடம் பல்லின் உயரத்தில் நடுவில் இருக்க வேண்டும். நீளத்தில் உள் ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் தள்ளி இருக்கலாம், ஏனென்றால் லோடு ஏறினால் தடம் வெளி ஓரத்துக்கு நகரும். நுனியில் மட்டும் பட்டால் பினியன் தள்ளி நிற்கிறது. அடியில் மட்டும் பட்டால் ரொம்ப உள்ளே வந்துவிட்டது. ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்றிச் சரி செய்ய வேண்டும். எங்கள் பிரிவில் இந்தத் தடத்தைப் பார்த்தே எந்த மெஷினில் வெட்டியது என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கிரவுன், பினியன் இரண்டிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வெட்டி, கடினப்படுத்தி, கடைசியில் இரண்டையும் பொடிக் குழம்பு ஊற்றி ஒன்றோடு ஒன்று தேய்த்துத்தான் அனுப்புவார்கள். இந்த வீட்டுப் பினியனுக்கு அந்த வீட்டுக் கிரவுனைக் கட்டிவைத்தால் முதல் நாளே சண்டை. பல் எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள்: 9-க்கு 41, 11-க்கு 43 என்று பொதுக் காரணி இல்லாத ஜோடியாக இருக்கும். 10-க்கு 40 வைத்தால் குறிப்பிட்ட பல் குறிப்பிட்ட நாலு பல்லையே காலம் முழுக்கச் சந்திக்கும். 9-க்கு 41 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிரில் உள்ள எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்தித்து, தேய்மானம் சமமாகும்.

மாணவி, அரசு பொறியியல் கல்லூரி, பர்கூர்: வேர்ம் அவ்வளவு அமைதி என்றால் இன்று எந்தக் காரிலும் ஏன் இல்லை? ஹைபாய்டு எப்படி அந்த இடத்தைப் பிடித்தது?

விலை, சூடு, எடை. பெரிய வெண்கல வீல் ஒன்றுக்கு ஆகும் செலவை இன்றைய கம்பெனியின் பர்சேஸ் அதிகாரியிடம் சொன்னால் மயங்கிவிடுவார்.

இடையில் நடந்தது இது. ஆரம்பத்தில் வேர்முக்குப் போட்டி நேர்ப்பல் பெவல், அதாவது கூம்பு வடிவ கியர். மலிவு, ஆனால் கத்தும். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து கிளீசன் கம்பெனி 1913-ல் வளைந்த பல்லோடு பெவல் வெட்டும் மெஷினைக் கொண்டுவந்தது. பேக்கார்டு அந்த ஸ்பைரல் பெவலை உடனே எடுத்துக்கொண்டது. நேர்ப்பல்லுக்கும் சாய்பல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும், ஆனால் கூம்பின் மேல். வேர்ம் இல்லாமலே ஆக்ஸில் அடங்கியது. 1920களின் நடுவில் அதே கிளீசன் ஹைபாய்டுக்கு வந்தது. 1926-ல் அதைக் காரில் போட்டதும் பேக்கார்டுதான். 1929-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 2-லும் ஹைபாய்டு.

ஹைபாய்டில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அதாவது ஸ்பைரல் பெவலும் வேர்மும் கலந்த பிள்ளை. பெவலைப் போல உருளும், வேர்மைப் போலக் கொஞ்சம் சறுக்கும். சறுக்கல் கலந்ததால் அமைதி. பினியனையும் பெரிதாக வைக்கலாம், அதனால் பலம். கூடவே தண்டு தாழ்வதால் காரின் தரையும் தாழ்ந்தது. அழகான தாழ்ந்த கார்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். பாரத்தோடு சறுக்கினால் சாதாரண ஆயில் தாங்காது, எஃகும் எஃகும் ஒட்டிப் பிய்ந்துவிடும். கந்தகம் முதலான சேர்மானங்கள் கலந்த 'இ.பி.' (கடும் அழுத்தம் தாங்கும்) ஆயில் வந்த பிறகுதான் ஹைபாய்டு எல்லா வண்டிக்கும் பரவியது. அந்தச் சேர்மானங்கள் சூட்டில் எஃகின் மேல் ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். தேய்வது அந்தத் தோல்தான், பல் அல்ல. ஆனால் அதே கந்தகம் வெண்கலத்தை அரிக்கும். எனவே பழைய வேர்ம் ஆக்ஸிலில் 'விலை அதிகம், நல்லதுதான்' என்று ஹைபாய்டு ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. பிராஜெக்ட் செய்கிறீர்கள் என்றால் இதை எடுங்கள் அம்மா: வெண்கலத் துண்டு, இரண்டு ஆயில், சூடு. உங்கள் லேபிலேயே முடியும்.

ஓய்வு பெற்ற டாக்ஸி டிரைவர், கிருஷ்ணகிரி: நாங்கள் ஓட்டிய பழைய அம்பாசடரில் ஓடும்போது ஃபர்ஸ்ட் போட்டால் 'கர்ர்'ரென்று கடிக்கும். டபுள் கிளட்ச் அடித்துத்தான் போடுவோம். ராஜா கார்களிலும் இந்தக் கூத்து உண்டா?

உண்டு அண்ணே, எல்லா கியருக்கும் உண்டு! அதனால்தான் அந்தக் கார்களோடு தேர்ந்த டிரைவரையும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அம்பாசடரின் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, பல்லும் நேர்ப்பல். அந்த ஒரு கியர் மட்டும் லெவாசோர் காலத்திலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்பல் அமைதி என்று தெரிந்தும் அந்தக் கால கியர் பாக்ஸில் ஏன் போடவில்லை என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. கியரையே நகர்த்திக் கோக்கும் ஏற்பாட்டில் நேர்ப்பல்தான் சுலபமாக உள்ளே போகும். சாய்பல்லை நகர்த்தினால் திருகிக்கொண்டே போக வேண்டும். போன பிறகும் பாரம் வந்தால் பக்கவாட்டில் உந்தி வெளியே தள்ளப் பார்க்கும். சாய்பல் வேண்டும் என்றால் எல்லா கியரும் எப்போதும் கோத்தே இருக்க வேண்டும். தண்டோடு சேர்ப்பதையும் பிரிப்பதையும் வேறொன்று செய்ய வேண்டும். 1928-ல் காடிலாக் கொண்டுவந்த சிங்க்ரோமெஷ் அந்தப் பாதையைத் திறந்தது. ஏர்ல் தாம்ப்சன் என்பவரின் வேலை. சின்னக் கூம்பு ஒன்று முதலில் உரசி இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும், அப்புறம் கோக்கும். உங்கள் இடது கால் இரண்டு முறை செய்ததை அந்தக் கூம்பு செய்கிறது. 1930களின் தொடக்கத்தில் ரோல்ஸ் ராய்ஸும் மேல் கியர்களுக்கு அதை எடுத்துக்கொண்டது. டெய்ம்லர் வேறு வழி போனது: 1930-ல் எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் ஃபுளூயிட் ஃபிளைவீலும், கியரை முன்கூட்டியே தேர்ந்து வைக்கும் வால்டர் வில்சனின் பிரிசெலக்டர் எபிசைக்ளிக் கியர் பாக்ஸும். வில்சன், முதல் உலகப் போரில் டாங்கியை உருவாக்கியவர்களில் ஒருவர். டாங்கி செய்தவர் கையால் வந்தது அவ்வளவு மெத்தென்ற கியர் பாக்ஸ்!

சாய்பல்லின் பக்க உந்தலை இல்லாமல் செய்ய இன்னொரு வழி, இடமும் வலமுமாக எதிரெதிர் சாய்வில் வெட்டுவது. ஆந்த்ரே சிட்ரோயன் கார் செய்வதற்கு முன்னால் அந்த கியர்களைச் செய்து பிழைத்தவர். இப்போது நம்ம சாலையில் போகும் சிட்ரோயன் காரின் முகப்பில் இரண்டு மடிப்பு இருக்கிறதே, அது அந்தப் பல்லின் படம்தான்.

வாசகர், தேன்கனிக்கோட்டை: மின்சார கார் வாங்கினேன். இன்ஜினே இல்லை, கியர் மாற்றவும் இல்லை. ஆனாலும் மெல்லிய விசில் கேட்கிறது. ஷோரூமில் 'நார்மல்' என்கிறார்கள்.

கியர் மாற்றுவதுதான் இல்லை, கியர் இருக்கிறது. மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் போகும், அதைக் குறைக்க இரண்டு ஜோடிச் சாய்பல். டெய்ம்லரில் ஸ்லீவ் வால்வ் செய்த அதே வேலையை இங்கே மோட்டார் செய்துவிட்டது. மூடி மறைக்க இன்ஜின் சத்தம் இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரி இருந்தால் விடுங்கள். மாதத்துக்கு மாதம் கூடினாலோ, விசில் போய் உறுமலாக மாறினாலோ பேரிங் பார்க்கச் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும்போதே.

பிளஸ் டூ மாணவர், ஊத்தங்கரை: இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா அங்கிள்?

கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பழைய கார்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். நீ பின்னால் போய்க் குனி. ஆக்ஸில் நடுவில் பெட்டி உருண்டையாக இருந்து, தண்டு நேர் நடுவில் நுழைந்தால் பெவல். நடுவுக்குக் கொஞ்சம் கீழே நுழைந்தால் ஹைபாய்டாக இருக்கும். பெட்டியின் உச்சியிலோ அடியிலோ குறுக்கே நீளமாக ஒரு உருளை படுத்திருந்து, தண்டு அதற்குள் போனால் வேர்ம். காவலாளி ஏதாவது கேட்டால் செருப்பைத் தேடுகிறேன் என்று சொல்லிவிடாதே, உண்மையைச் சொல். சந்தோஷப்படுவார்.